பாத்தாமில் சித்தாள் வேலை

"அந்தப் பணத்தை அனுப்பிட்டா அங்கயே நாலு கொத்தனாரை வெச்சுக் கட்டிடுவாங்களேம்மா. நீங்க எதுக்குப் படகேறிப் போய் மண்ணு சுமக்கணும்?"

சிங்கப்பூரிலிருந்து இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போய் ஒரு குடும்பத்துக்கு எங்கள் குழு வீடு கட்டிக்கொடுக்கப் போகிறது என்றதும் என் மாமனார் கேட்ட கேள்வி இது. அப்புறம் அலுவலகத்திலும் கோயிலிலும் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் இடத்திலும் இதையே வெவ்வேறு விதமாகக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆளுக்குப் படகுக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்தக் காசில் அங்கே ஒரு கொத்தனாருக்குப் பல நாள் கூலி கொடுக்கலாம். இதை ஒத்துக்கொள்ளாமல் தொண்டூழியம் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

அதனால் கிளம்புவதற்கு முன்பே ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். எங்களுக்கு ஆகும் பயணச் செலவைவிட வீட்டுக்குப் போய்ச் சேரும் பணம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் போகக் கூடாது, காசை மட்டும் அனுப்பிவிட வேண்டும். சிமெண்டு, கம்பி, கூரைத்தகடு, கொத்தனார் கூலி எல்லாம் அந்தப் பணத்தில்தான். கொத்தனார் வேலையை நாம் பறிக்கக் கூடாது; அவருக்குக் கூலி கொடுத்து, அவருக்குக் கீழே சித்தாளாக நிற்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருக்கிறதா என்று கூட்டிப்போகும் அமைப்பிடம் முதலிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு அமைப்பைப் பாருங்கள்.

எங்கள் குழு பெரும்பாலும் சிங்கப்பூரின் ஈசூன், செம்பவாங் பக்கத்து ஆட்கள். பங்குனி உத்திரத் தண்ணீர்ப்பந்தலில் சேர்ந்து நின்று பழக்கமானவர்கள். பத்துப் பன்னிரண்டு பேர். இரண்டு பேர் கணினித் துறை, ஓர் ஆசிரியை, ஒரு தாதி, உடற்பயிற்சிக்கூடமே கதி என்று கிடக்கும் பாலிடெக்னிக் பையன்கள், பணி ஓய்வு பெற்ற ஒரு மாமா, நான். கட்டடத் தொழில் தெரிந்தவர் ஒரே ஒருவர்: இங்கே கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் புதுக்கோட்டைக்கார அண்ணன். அவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர். விசா வாங்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது வேண்டாம். கலவையான குழு என்றால் இந்த விஷயத்தை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். துறைமுகத்தில் போய் நின்றுகொண்டு தேதி பார்க்கிறவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்.

பணம் திரட்டுவதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினால் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அதிலும், திரட்டியதில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. விலக்கு தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். ஆகவே, "தேக்காவில் ஒரு மேசை போட்டு உண்டியல் வைப்போம்" என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். நாங்கள் கைக்காசு போட்டோம், சொந்தபந்தங்களிடம் நேரில் கேட்டோம், அவ்வளவுதான். இன்னொன்று, உள்ளூர்ப் பணிக்குக் கொடுக்கும் நன்கொடைக்குக் கிடைக்கிற வரிக்கழிவு இதற்குக் கிடைக்காது. கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாத்தாம் நமக்குக் கடல் உணவுக்கும் கால் மசாஜுக்கும் போகிற ஊர். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் தூரம். ஹார்பர்ஃபிரண்ட் படகுத்துறையில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கரை. 1970களில் சில ஆயிரம் பேர் இருந்த தீவு. தொழிற்பேட்டைகள் வரவர ஜாவா, சுமத்ரா, புளோரஸ் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். இன்றைக்குப் பத்து லட்சத்துக்கு மேல். வேலை கிடைத்த வேகத்தில் வீடு கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் பலகையும் தகரமுமாக அடித்த குடிசைகளை 'ரூலி' என்கிறார்கள். பெயரில் பட்டா இல்லாத நிலம். எந்த நாளும் காலி செய்யச் சொல்லலாம். அதனால் வீடு கட்டும் தொண்டில் முதல் வேலை செங்கல் எடுப்பது கிடையாது, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது. கூட்டிப்போகும் அமைப்புதான் அதைப் பார்க்கும். நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

இந்த மாதிரி அமைப்புகளில் உலகம் முழுக்கத் தெரிந்தது ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி. 1976-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி தொடங்கியது. 1984-இலிருந்து முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவியும் தச்சு வேலைக்கு வரத் தொடங்கிய பிறகு பெயர் பரவியது. அவர்கள் பிரபலமாக்கிய முறையையே பலரும் பின்பற்றுகிறார்கள்: வீடு இனாம் கிடையாது. குடும்பம் தன் உழைப்பையும் போட வேண்டும். செலவில் ஒரு பகுதியைத் தாங்கக்கூடிய தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். எங்கள் மாமாவுக்கு இது முதலில் உறுத்தியது. "ஏழைகிட்ட என்னத்துக்குத் தவணை?" என்றார். அங்கே போய் அந்த வீட்டுக்கார அம்மாவைப் பார்த்த பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்கு வருகிறேன்.

வீட்டின் அளவு 36 சதுர மீட்டர். இந்தோனேசியாவில் சிக்கன வீட்டுக்கு இது வழக்கமான அளவு. நம்மூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈரறை ஃபிளெக்ஸி வீட்டில் சின்ன வகை ஏறத்தாழ இதே அளவுதான். இரண்டு படுக்கையறை, ஒரு முன்னறை, பின்னால் சமையலும் கழிப்பறையும். நாங்கள் போனபோது அடித்தளம் முடிந்திருந்தது. எங்களுக்கு விட்டுவைத்திருந்தது சுவர் வேலை.

முதல் நாள் காலையிலேயே பாலிடெக்னிக் பையன்கள் கற்களை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் ஒவ்வொருவராக நிழலுக்கு ஒதுங்கினார்கள். எழுபதைத் தொடப்போகும் மாமா ஒற்றைக் கல்லாக, ஒரே நடையாக மாலை வரை சுமந்தார். செம்பவாங் கப்பற்படைத் தளத்தில் அவர் அப்பா வேலை பார்த்தவர். கம்பத்து (கிராமத்து) வீட்டில் அத்தாப்பு ஓலைக்கூரை மாற்றி வளர்ந்த உடம்பு. வேகமாக ஆரம்பிக்காதீர்கள் என்று வயதில் மூத்தவர் சொன்னால் கேட்கிற இளைஞர் யாரும் இல்லை. பதினோரு மணிக்கு உடம்பே சொல்லிவிடும்.

எங்களுக்கு மேஸ்திரியாக வாய்த்தவர் ஜாவாவிலிருந்து வந்து குடியேறியவர். அங்கே பெரியவர்களை மரியாதையாக அழைக்கிற மாதிரி 'பாக்' என்றுதான் கூப்பிட்டோம். அதிகம் பேச மாட்டார். முதல் ஒரு மணி நேரம் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்திருப்பார். அவர் இரண்டு மூலையிலும் கல் வைத்து, தூக்குக்குண்டு போட்டுப் பார்த்து, நடுவில் நூல் கட்டினார். அந்த நூலைத் தொடக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் புதிதாக வருகிறவர்கள் நூலில் இடித்தபடிதான் கல்லை வைப்பார்கள். நூல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அந்த வரிசை முழுக்க வயிறு தள்ளும்.

புதுக்கோட்டை அண்ணன் எங்களை ஓரமாகக் கூப்பிட்டுப் பாடம் எடுத்தார். நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

"கொத்தனாரு திரும்பிப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் சித்தாள் வேலை."

சொல்லிவிட்டுச் செய்தும் காட்டினார். கற்களைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, சுவர் நீளத்துக்கும் சின்னச் சின்ன அடுக்காக வைத்தார். ஒரே இடத்தில் குவித்தால் கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் நடக்க வேண்டும். கலவைச் சட்டியை இரண்டு அடுக்குக்கு நடுவே, அவர் கரண்டி பிடிக்கும் கைப்பக்கம் வைத்தார். சட்டியில் கால்வாசி இருக்கும்போதே அடுத்த சட்டி வந்துவிட வேண்டும், காலியான பிறகு கிடையாது. ஹாலோ பிளாக்கின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பார்த்து, அப்படியே எடுத்து வைக்கும் வாக்கில் அடுக்கினார். "செங்கல்லுன்னா தண்ணியில ஊறப்போடணும். இது சிமெண்டுக் கல்லு, ஊறப்போடாதீங்க. வெயில்ல ரொம்பக் காஞ்சிருந்தா மேலாப்புல தெளிச்சா போதும்" என்றார்.

மதியத்துக்குள் பாக் எங்களைப் பார்த்துத் தலையசைக்க ஆரம்பித்தார். சாயங்காலம் ஆசிரியையின் கையில் கரண்டியைக் கொடுத்து ஒரு வரிசை வைக்கச் சொன்னார். அவர் வைத்த கல்லில் இரண்டை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார் என்பது வேறு விஷயம். மூன்றாவதைத் தொடவில்லை.

கலவை போடுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொண்டூழியர்கள் அதிகம் கெடுப்பது இதைத்தான். கல் கட்ட ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்று பாக் சொன்னார். மணலைச் சலித்த பிறகுதான் அளக்க வேண்டும். சிமெண்டையும் மணலையும் தண்ணீர் விடாமல் முதலில் புரட்ட வேண்டும். எங்கேயும் தனிச் சாம்பல் நிறமோ தனி மஞ்சளோ தெரியாமல் ஒரே நிறமாக வரும் வரை. பிறகு நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றி, ஓரத்திலிருந்து உள்ளே தள்ளித் தள்ளிப் புரட்ட வேண்டும். மண்வெட்டி கனக்கிறதே என்று கை வலிக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கூட ஊற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். அங்கேதான் சுவரின் பலம் போகிறது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழியாமல், ஆனால் வழுக்கி இறங்க வேண்டும். இட்லி மாவுப் பதம் என்று எங்கள் தாதி கண்டுபிடித்தார், அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே தடவையில் நிறையக் கலந்து வைக்கவும் கூடாது. வெயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்கிற அளவுதான் நல்லது. இறுகிப்போனதில் மறுபடி தண்ணீர் ஊற்றி உயிர்ப்பிக்க முடியாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

ஈரச் சிமெண்டு தோலைப் பொசுக்கும். இதைக் கையேட்டில் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். உடனே எரியாது, அதனால்தான் ஆபத்து. காலணிக்குள் கொஞ்சம் கலவை புகுந்து மாலை வரை அங்கேயே இருந்தால் இரவில் தோல் சிவந்து உரிந்துவிடும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கணுக்கால் மூடும் காலணி. பட்டால் அப்போதே நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். சலிக்கும்போதும் சிமெண்டு மூட்டை பிரிக்கும்போதும் முகக்கவசம். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தளத்தில் துருப்பிடித்த ஆணி எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு வேலை, கம்பி கட்டுவது. சுவர் மூலைகளில் சின்னத் தூண்கள் வரும். நான்கு கம்பியைச் சுற்றி ரிங் மாட்டிக் கட்டுக்கம்பியால் முறுக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை, நிழலில் செய்யலாம். கல் தூக்க முடியாதவர்களுக்கு நல்லது என்று பார்த்தால், உண்மையில் எல்லோருக்கும் இதுதான் பிடித்துப்போனது. கொக்கியை மாட்டி இரண்டு முறுக்கு முறுக்கினால் கம்பி இறுகும் சத்தம் கேட்கும். மூன்றாவது முறுக்கில் அறுந்துவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்குப் பழக ஒரு காலைப்பொழுது ஆகும்.

சுவரை ஒரே நாளில் உயரமாக எழுப்பிவிடலாம் என்று ஆசை வரும். பாக் விடவில்லை. நெஞ்சு உயரம் வந்ததும் நிறுத்திவிட்டார். கீழ் வரிசைக் கலவை இறுகுவதற்கு முன் மேலே பாரம் ஏறினால் பிதுங்கிச் சுவர் சாயும். "இன்னும் ரெண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கே" என்று பையன்கள் முணுமுணுத்தார்கள். அந்த நேரத்தில் மணல் சலித்து மறுநாளுக்கு மூடி வைத்தோம்.

வீட்டுக்கார அம்மா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முறை வேலை பார்ப்பவர். இரவு முறை முடிந்து, கொஞ்ச நேரம் தூங்கி எழுந்து, மதியத்துக்கு மேல் தளத்துக்கு வந்துவிடுவார். அவர் கணவர் காலையிலிருந்தே எங்களோடு கலவை போட்டார். ஒரு நாள் பின்சுவர் மூன்று வரிசை ஏறியிருந்தபோது அந்த அம்மா வந்து நின்று பார்த்தார். பிறகு பாக்கிடம் போய், சமையலறைக் கதவு இந்த இடத்தில் வந்தால் அடுப்புக்கு நேரே மழைச்சாரல் அடிக்கும், தள்ளி வையுங்கள் என்றார். பாக் வரைபடத்தைக் காட்டினார். அந்த அம்மா வரைபடத்தைப் பார்க்கவில்லை. மழை வரும் திசையைக் கையால் காட்டினார், அடுப்பு வைக்கப்போகும் இடத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார், அங்கிருந்தே மறுபடி பேசினார். பாக்கும் கணவரும் அமைப்பின் களப்பொறுப்பாளரும் கால் மணி நேரம் பேசிக்கொண்டார்கள். மாமா எங்களுக்கு மலாயிலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் நாங்கள் காலையில் வைத்த ஒரு வரிசைக் கல்லைப் பெயர்த்துக் கதவைத் தள்ளிவைத்தார்கள். கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. பையன்களில் ஒருவனுக்கு முகம் வாடிவிட்டது. மாமா அவனிடம், "மாசாமாசம் காசு கட்டப்போறது அவங்கடா தம்பி. இனாமா வாங்கியிருந்தா வாயத் திறந்திருக்க மாட்டாங்க" என்றார்.

மொழி விஷயத்தில் மாமா எங்களுக்குப் பெரிய பலம். பழைய தலைமுறைச் சிங்கப்பூர்த் தமிழர்களுக்குச் சந்தை மலாய் கைவந்த கலை. நம் பிள்ளைகளுக்கு அது போய்விட்டது. குழுவில் மலாய் பேசும் பெரியவர் ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கல் தூக்க முடியாதே என்று அவர் தயங்கினாலும் விடாதீர்கள்.

சாப்பாடு பக்கத்து வீட்டில் சமைத்துக் கொடுத்தார்கள். சைவர்களுக்குச் சோயாவில் செய்யும் தெம்பேயும் தௌவும் (டோஃபு) தினமும் கிடைக்கும், கவலை இல்லை. மிளகாய்ச் சம்பாலில் மட்டும் பிலாச்சான் என்கிற இறால் விழுது இருக்கும், கேட்டுவிட்டுத் தொடுங்கள். கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்தாம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். திரும்பும் படகுச் சீட்டில் போட்டிருப்பது அங்குள்ள நேரம்.

பிள்ளைகளுக்கு இனிப்பும் பொம்மையும் வாங்கிப் போகலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். ஒரு தெருவில் பத்து வீடு இருக்கும். ஒரு வீட்டுக்குத்தான் புதுச்சுவர் எழும்புகிறது. மற்ற ஒன்பது வீட்டுப் பிள்ளைகளும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கின்றன. கொடுப்பதாக இருந்தால் களப்பொறுப்பாளரிடம் கொடுத்துப் பள்ளிக்கோ தெருவுக்குப் பொதுவாகவோ சேர்க்கச் சொல்லுங்கள். படம் எடுப்பதும் அப்படித்தான். தன் பழைய பலகை வீட்டுக்குள் யாரோ கைத்தொலைபேசியை நீட்டிப் படம் பிடிப்பது எந்தத் தாய்க்குப் பிடிக்கும்? நாங்கள் சுவரையும் எங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். குடும்பத்தோடு ஒரே ஒரு படம், அதுவும் அவர்களாகக் கூப்பிட்டு எடுத்தது. கருவிகளையும் இங்கிருந்து சுமந்து போகாதீர்கள். கரண்டி, சட்டி, சல்லடை எல்லாம் அங்கே கடையில் வாங்கினால் அந்தக் கடைக்காரருக்கும் வியாபாரம். வேலை முடிந்ததும் தளத்திலேயே விட்டுவரலாம்.

குழுவை நடத்துகிறவருக்கு ஒன்று. நீங்கள் கல் தூக்காதீர்கள். யார் தண்ணீர் குடிக்கவில்லை, யார் முகம் சிவந்திருக்கிறது, யாரை நிழல் வேலைக்கு மாற்ற வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். அது உங்கள் வேலை. சும்மா நிற்கிறாரே என்று மற்றவர்கள் நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். எங்கள் ஆசிரியை மணிக்கு ஒரு முறை எல்லோரையும் வேலை மாற்றிவிட்டார்: சலிப்பவர் சுமக்கப் போவார், சுமப்பவர் கம்பி கட்டப் போவார். வகுப்பறைக் குரல் அங்கே நன்றாகவே உதவியது.

படகேற வசதிப்படாதவர்களுக்கு இங்கேயே வேலை இருக்கிறது. ஹேபிடட்டின் சிங்கப்பூர்க் கிளை உட்படச் சில அமைப்புகள் வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டைச் சுத்தம் செய்து, சாயம் பூசிக் கொடுக்கின்றன. ஓரறை வீடு, ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்துப் போகாதீர்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் மெத்தை, அலமாரி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்; திரும்பி வந்ததும் உங்கள் துணியை வாசலிலேயே பையில் கட்டிச் சுடுதண்ணீரில் போட வேண்டும். எதைத் தூக்கி எறியலாம் என்று தாத்தாவிடம் கேட்டுச் சம்மதம் வாங்குவதற்கே பாதி நாள் போகும். பழைய நாளிதழ்க் கட்டு நமக்குக் குப்பை, அவருக்குச் சேமிப்பு. என்னைக் கேட்டால் பாத்தாமைவிட இது கடினமான வேலை, பேச்சுத்தான் பெரும்பகுதி என்பதால். குழுவில் தைரியசாலிகளைவிடப் பொறுமைசாலிகளை இதற்கு அனுப்புங்கள்.

பாத்தாம்தான் என்றால் டிசம்பர் விடுமுறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை, பாதி நேரம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பீர்கள். ஜூன் விடுமுறை நல்லது, ஆனால் பள்ளிகளும் நிறுவனங்களும் அதையேதான் கேட்கும். சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு அமைப்புடன் பேசித் தேதியை உறுதி செய்துவிடுங்கள். ஆள் கணக்கில் இரண்டு பேரைக் கூடவே எழுதி வையுங்கள். கடைசி வாரத்தில் யாருக்காவது விடுப்பு கிடைக்காது.